பிள்ளைகளே கலந்துகொள்ளும் மாயவித்தைகளும் விளையாட்டுகளும்: பிறந்தநாள் விழாவுக்கு எவை பொருந்தும்?

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். என் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு வீட்டுக் கூடத்தில் ஏறக்குறைய பதினைந்து பிள்ளைகள் கூடவிருக்கிறார்கள். அவர்களோடு நான்கு வயதுத் தம்பி தங்கைகளும் வருவார்கள். ஒன்பது, பத்து வயது அண்ணன் அக்காமாரும் வருவார்கள். வெளியிலிருந்து வித்தைக்காரரை அழைக்காமல் நானே ஒரு மணி நேரம் நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சீட்டுக்கட்டு வித்தைகள் சிலவும் நாணயத்தை மறைப்பதும் எனக்குக் கைவரும். ஆனால் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, வாய்பொத்தி வேடிக்கை பார்க்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு வித்தையிலும் அவர்களுடைய கையோ குரலோ கலந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எந்த வித்தைகள் அதற்கு இடம் கொடுக்கும்? யாரை முன்னே அழைப்பது? "எனக்குத் தெரியும், இன்னொரு கையில் இருக்கிறது!" என்று கத்துகிற பிள்ளையை எப்படிக் கையாள்வது? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மேடை வித்தைக்காரர்

வித்தைகளைத் தேர்ந்தெடுக்கும் முன் வயதைப் பாருங்கள். தான் அறிந்த ஒன்றை இன்னொருவர் அறியாமல் இருக்கக்கூடும், இன்னொருவர் மனத்தில் தவறான எண்ணம் இருக்கக்கூடும் என்பது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டித்தான் பிடிபடுகிறது. ஏமாற்று என்பதன் சுவையே அதில்தான் இருக்கிறது. ஆகவே நாணயம் மறைந்ததைக் கண்டு ஏழு வயதுப் பிள்ளை வாய்பிளக்கும்போது, நான்கு வயதுப் பிள்ளை "சரி, போய்விட்டது" என்று எழுந்து போய்விடும். அது உங்கள் திறமைக் குறைவன்று. அந்த வயதுக்கு உலகத்தில் எதுவும் திடீரென்று தோன்றலாம், எதுவும் மறையலாம்.

சிறு பிள்ளைகளுக்குப் பிடித்தவை நிறம் மாறுவதும், பொருள் தோன்றுவதும், எல்லாவற்றுக்கும் மேலாக, வித்தைக்காரருக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிவதும்தான். கைக்குட்டை உங்கள் தோளின் பின்பக்கம் தொங்க, நீங்கள் அதைப் பெட்டியிலும் மேசைக்கடியிலும் தேடுங்கள். "பின்னாடி! பின்னாடி!" என்று கூடமே அதிரும். அங்கே அவர்கள் பார்வையாளர்கள் அல்லர், உங்களைக் காப்பாற்ற வந்தவர்கள். எந்தக் கைவேகமும் தேவைப்படாத இந்த ஒரு காட்சியை நான் எந்த விழாவிலும் விட்டதில்லை.

நீங்கள் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய நல்ல கருவி ஒன்று உண்டு. ஊதினால் நிறம் வரும் புத்தகம் என்று சொல்லலாம். ரெஜினால்ட் ஸ்காட் 1584-இல் வெளியிட்ட நூலிலேயே இதன் செய்முறை இருக்கிறது என்பதால், வித்தை உலகின் பழைய கருவிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம். தடித்த தாள் கொண்ட நோட்டு ஒன்றை எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள தாள்களை மட்டும் வெளி ஓரத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்து வெட்டுங்கள். முதல் தாள் நீளம், அடுத்தது குட்டை, அதற்கடுத்தது நீளம் என்று வரும். இப்போது நோட்டை எங்கே விரித்தாலும், இடப்பக்கம் நீளத் தாளும் வலப்பக்கம் குட்டைத் தாளும் வரும் விரிப்புகள் ஒரு வகை. இடப்பக்கம் குட்டையும் வலப்பக்கம் நீளமும் வருபவை மறு வகை. ஒரு வகையில் வெறும் கோட்டுப் படங்களை வரையுங்கள், மறு வகையில் அதே படங்களுக்கு வண்ணம் தீட்டுங்கள். வெளி ஓரத்தில் கட்டைவிரலை வைத்து முன்னிருந்து பின்னாகத் தாள்களை விடுவித்தால், விரலில் படாத குட்டைத் தாள் தனக்கு முன்னுள்ள நீளத் தாளோடு சேர்ந்தே விழும். ஒரு வகை விரிப்பு மட்டுமே கண்ணில் படும். பின்னிருந்து முன்னாக விடுவித்தால் மறு வகை மட்டுமே தெரியும். வண்ணம் எந்த வகையில் வரவேண்டும் என்பதை வரைவதற்கு முன் வெறும் நோட்டில் புரட்டிப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் தங்கள் உடையிலுள்ள நிறத்தைக் கையால் தொட்டு, அதைப் புத்தகத்தை நோக்கி எறிய வேண்டும். எல்லாரும் சேர்ந்து ஊத வேண்டும். அதன் பிறகே புரட்ட வேண்டும். நான்கு வயதும் பத்து வயதும் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளும் வித்தை இது.

தொடக்கப்பள்ளி ஆசிரியை

மேலே ஐயா சொன்னதில் வயது பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். பிள்ளைகளை முன்னே அழைப்பது பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

"யார் வருகிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கேட்ட அந்த நொடியில் பத்துப் பேர் எழுந்து ஓடி வருவார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் மற்ற ஒன்பது பேரும் தோற்றுப்போனதாக உணர்வார்கள். பெயர் சொல்லி அழையுங்கள். அழைப்பதற்கு முன் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். தலையைக் குனிந்தாலோ அம்மாவின் பக்கம் திரும்பினாலோ அழைக்க வேண்டாம். கூச்சமுள்ள பிள்ளைக்கு உட்கார்ந்த இடத்திலேயே வேலை கொடுக்கலாம்: மந்திரச் சொல்லைத் தீர்மானிப்பது, பெட்டிச் சாவியைக் கையில் வைத்துக் காப்பது, மூன்று வரை எண்ணுவது. முன்னே இழுத்து நிறுத்தி, அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒருவரை மட்டும் அழைக்காமல், அனைவர் கையிலும் பொருள் இருக்கும்படியான வித்தைகளே கலப்பு வயதுக்கு மிகவும் ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. காகிதப் பட்டை வித்தையை முயன்று பாருங்கள். நீளமான காகிதப் பட்டைகளை வளையங்களாக ஒட்டி வையுங்கள். சில பட்டைகளை அப்படியே ஒட்டுங்கள். சிலவற்றை ஒட்டும் முன் ஒரு முனையை அரைச் சுற்று திருப்புங்கள். சிலவற்றை ஒரு முழுச் சுற்று. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் நடுக்கோட்டின் வழியே வெட்டச் சொல்லுங்கள். திருகாத வளையம் இரண்டு தனி வளையங்களாகப் பிரியும். அரைச் சுற்றுத் திருகியது பிரியாமல் இருமடங்கு நீளமுள்ள ஒரே வளையமாக விரியும். முழுச் சுற்றுத் திருகியது ஒன்றோடொன்று கோத்த இரண்டு வளையங்களாகும். வெட்டியவர் பிள்ளைதான், நீங்கள் தொடவே இல்லை. அதனால் வியப்பும் பெருமையும் முழுக்க முழுக்க அந்தப் பிள்ளைக்கே போய்ச் சேரும். அரைச் சுற்று வளையத்தை மோபியஸ், லிஸ்டிங் என்னும் இரு ஜெர்மானியர்கள் 1858-இல் தனித்தனியாக ஆராய்ந்தார்கள் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நடுவில் வெட்டாமல் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டினால் என்ன ஆகும் என்று அவர்களையே கேளுங்கள். வெட்டிப் பார்த்தால் ஒரு பெரிய வளையமும் ஒரு சிறிய வளையமும் கோத்துக்கொண்டு வரும். சிறு பிள்ளைகள் வெட்டும்போது பெரியவர் ஒருவர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இழையைத் தொடங்கியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. புத்தகத்தைச் செய்யத் தொடங்கிவிட்டேன். கத்துகிற பிள்ளையைப் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. மேலும், பிள்ளையின் மூடிய கைக்குள்ளேயே நடக்கும் வித்தை ஏதாவது உண்டா? பலூனில் ஊசியைச் செருகும் வித்தையையும் யோசித்து வைத்திருக்கிறேன்.

மேடை வித்தைக்காரர்

கத்துகிற பிள்ளை உங்களுக்கு எதிரி அன்று. கூடத்தில் எல்லாரையும்விட உன்னிப்பாகக் கவனிப்பது அந்தப் பிள்ளைதான். "நீ நன்றாகப் பார்க்கிறாய், அதனால் எனக்கு ஒரு காவலர் வேண்டும்" என்று சொல்லி, ஒரு பொறுப்பைக் கொடுங்கள். முன்கணிப்பு எழுதிய உறையைக் கடைசி வரை கையில் வைத்திருக்கட்டும். சொன்னது சரியாக இருந்தால் மறுக்காதீர்கள். இன்னொரு கையில்தான் இருக்கிறது என்றால் "ஆமாம், சரியாகச் சொன்னாய்" என்று காட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிள்ளையைப் பொய்யனாக்கி வெல்லும் வித்தை எனக்கு வேண்டாம்.

கைக்குள் நடப்பதற்கு ஸ்பாஞ்சு பந்துக்கு இணையாக எதுவும் இல்லை. ஒரு பந்தை மேசையில் வையுங்கள். இன்னொன்று உங்கள் வலக்கை விரல்களின் உள்மடிப்பில் யாருக்கும் தெரியாமல் இருக்கட்டும். மேசைப் பந்தை எடுக்கும்போது விரலில் இருப்பதை அதன்மேல் வைத்து அழுத்திவிடுங்கள். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே நசுங்கிய இரண்டு பந்துகள் ஒன்றாகவே தெரியும். "கையை நீட்டு" என்று சொல்லி, பிள்ளையின் உள்ளங்கையில் அந்த அழுத்தம் குறையாமல் வைத்து, உங்கள் இடக்கையால் அதன் விரல்களை மூடிவிட்டு, அப்புறம்தான் உங்கள் விரல்களை உருவ வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக விட்டால் பந்து விரிந்து, இரண்டு இருப்பது தெரிந்துவிடும். "இறுக்கமாகப் பிடி, ஓடிவிடும்" என்று சொல்வது விளையாட்டுப் பேச்சுப்போல இருந்தாலும் வித்தையின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பிறகு மூன்றாவது பந்தை எடுத்து உங்கள் கையில் மறைத்துவிட்டு, "உன் கைக்குப் போய்விட்டது, தெரிந்ததா?" என்று கேளுங்கள். விரல்களைத் திறக்கும்போது இரண்டு பந்துகளும் மலர்ந்து எழும். அந்த நேரத்தில் உங்கள் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். எல்லாரும் பிள்ளையின் கையைத்தான் பார்ப்பார்கள். வித்தையைச் செய்தது அந்தக் கைதான் என்றே நம்புவார்கள். அப்படி நம்பட்டும்.

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்

பேச்சின் போக்கை நிறுத்துவதற்கு மன்னிக்கவும். நான்கு வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

பலூனை முதலில் எடுத்துக்கொள்வோம். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடியவை. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து உண்டு என்ற எச்சரிக்கை பலூன் உறைகளிலேயே அச்சிடப்படுகிறது. ரப்பர் துண்டு தொண்டையின் வடிவத்துக்கு ஏற்ப ஒட்டிக்கொள்வதால் அதை வெளியே எடுப்பது மிகவும் கடினம். ஊசி வித்தையைச் செய்வதானால் நீங்கள் மட்டுமே செய்யுங்கள். ரப்பர் அதிகம் இழுபடாத முடிச்சருகிலும் உச்சியிலும் செருகுங்கள். முடிந்ததும் பலூனையும் துண்டுகளையும் உடனே அப்புறப்படுத்துங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கூட்டத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஸ்பாஞ்சு பந்தைப் பற்றி ஐயாவுடன் சிறிது வேறுபடுகிறேன். சிறு பொருள்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மைகளுக்கு அதுவே அளவுகோல். ஆனால் ஸ்பாஞ்சு நசுங்கும் என்பதால், அதைவிடப் பெரிதாக இருந்தாலே போதும் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் மட்டும் கொடுங்கள். விழாவில் எத்தனை பந்துகளை வெளியே எடுத்தீர்களோ அத்தனையும் திரும்பிவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள்.

விரல் நுனியில் ஒளி தோன்றும் கருவிகளைப் பலர் வாங்குகிறார்கள். அவற்றுள் பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடக்கூடிய பொருள் அது. திருகாணி போட்டு மூடாத கருவியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சிறிய வலுவான காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலின் சுவர்களை இடையில் நசுக்கிக்கொண்டு ஒட்டிவிடும். டம்ளரில் ஊற்றிய தண்ணீர் மறையும் வித்தைக்குப் பயன்படும் உறிஞ்சும் தூளையும் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்திருங்கள்.

மேடை வித்தைக்காரர்

அம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆறு வயது என்ற வரம்பு நல்ல வரம்பு. பந்துகளை எண்ணி எடுத்து, எண்ணி வைப்பது நல்ல வித்தைக்காரருக்கு எப்படியும் இருக்க வேண்டிய பழக்கமே.

கணித ஆர்வலர்

பத்து வயதுப் பிள்ளைகளை மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். கைக்குட்டையும் வண்ணப் புத்தகமும் அவர்களைச் சிறிது நேரமே பிடித்துவைக்கும். அவர்களுக்குத் தங்கள் மூளை கலந்துகொள்ளும் வித்தை வேண்டும்.

ஏழெட்டு நாணயங்களை மேசையில் எறியச் சொல்லுங்கள். எத்தனை தலைகள் விழுந்தன, அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நில்லுங்கள். பிள்ளை தனக்கு விருப்பமான நாணயத்தைத் திருப்பலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பலாம். ஒவ்வொரு முறையும் "திருப்பினேன்" என்று சொன்னால் போதும். பிறகு ஒரு நாணயத்தைக் கையால் மூடிக்கொள்ளட்டும். நீங்கள் திரும்பி வந்து, மூடியிருப்பது பூவா தலையா என்று சொல்வீர்கள். ஒவ்வொரு திருப்பலும் தலைகளின் எண்ணிக்கையை ஒன்று கூட்டும் அல்லது ஒன்று குறைக்கும். ஆகவே ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். தொடக்கத்தில் நான்கு தலைகள் இருந்து, ஐந்து முறை திருப்பினால் இப்போது மொத்தத் தலைகள் ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும். கண்ணுக்குத் தெரியும் தலைகள் மூன்று என்றால், மூடியிருப்பது பூ. இரண்டோ நான்கோ தெரிந்தால், மூடியிருப்பது தலை. பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள், தயங்காமல் செய்யலாம். எத்தனை முறை செய்தாலும் வெளிப்பட்டுவிடாத வித்தைகள் சொற்பம். இது அவற்றுள் ஒன்று.

ஐந்து அட்டைகளில் எண்களை எழுதிவைத்து மனத்தில் நினைத்த எண்ணைச் சொல்லும் வித்தையும் நன்றாக எடுபடும். 1 முதல் 31 வரை ஒவ்வோர் எண்ணையும் 1, 2, 4, 8, 16 ஆகியவற்றின் கூட்டலாக, எதையும் இருமுறை சேர்க்காமல், ஒரே வழியில்தான் எழுத முடியும். இந்த ஐந்தும் ஐந்து அட்டைகளின் முதல் எண்கள்; மற்ற ஒவ்வோர் எண்ணையும் அதன் கூட்டலில் வருபவற்றின் அட்டைகளில் மட்டும் எழுதுங்கள். 21 என்பது 16, 4, 1 ஆகியவற்றின் கூட்டல். ஆகவே அந்த மூன்று எண்களில் தொடங்கும் அட்டைகளில் மட்டும் 21 இருக்கும். பிள்ளை தான் பிறந்த தேதியை நினைத்துக்கொண்டு, அது உள்ள அட்டைகளை மட்டும் உங்களிடம் தரட்டும். அட்டைகளின் முதல் எண்களைக் கூட்டினால் தேதி வந்துவிடும். மாதத்தின் தேதி 31-ஐத் தாண்டாது என்பதால் பிறந்தநாள் விழாவுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது.

முன்னே சொன்ன முன்கணிப்பு உறைக்கு 1089 என்று எழுதிவையுங்கள். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வெவ்வேறாக உள்ள மூன்றிலக்க எண் ஒன்றைப் பிள்ளை எழுதி, அதைத் திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கட்டும். வந்த விடையைத் திருப்பி எழுதி, இரண்டையும் கூட்டட்டும். 732 என்றால் 237-ஐக் கழித்து 495; அதோடு 594-ஐக் கூட்டினால் 1089. கழித்து வருவது 99 ஆக இருந்தால் 099 என்று எழுதச் சொல்ல மறக்காதீர்கள்.

ஒரு தந்தை

நாணய வித்தையின் ரகசியத்தை விழா முடிவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? கற்றுக்கொண்டு போனால் அவர்களுக்கு அதுவே நல்ல பரிசாக இருக்குமே.

மேடை வித்தைக்காரர்

செய்து காட்டிய வித்தையின் ரகசியத்தைச் சொல்ல வேண்டாம் என்பது என் கட்சி. வித்தைக்காரரின் கிண்ணங்களும் கூழாங்கற்களும் தரும் மகிழ்ச்சி அந்த ஏமாற்றில்தான் இருக்கிறது, எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஈடுபாடு போய்விடும் என்னும் பொருளில் ரோமானிய அறிஞர் செனெக்கா முதல் நூற்றாண்டிலேயே தன் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். ஆனால் நீங்கள் சொல்லும் ஆசையும் நியாயமானது. அதற்கென்று தனியாக ஒரு வித்தையை ஒதுக்குங்கள். காகிதப் பட்டையை ஆங்கில எஸ் எழுத்தின் வடிவில் மடித்து, மூன்று அடுக்குகளில் முதல் அடுக்கையும் நடு அடுக்கையும் ஒரு கிளிப்பாலும், நடு அடுக்கையும் கடைசி அடுக்கையும் இன்னொரு கிளிப்பாலும் பிடித்து, இரு முனைகளையும் வேகமாக இழுத்தால், கிளிப்புகள் இரண்டும் துள்ளி எழுந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இது ஏழு வயதுப் பிள்ளைக்கும் கைவரும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை

கணித வித்தைகளுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள் ஐயா. ஒற்றை, இரட்டை மாறுவது புரிந்த பிள்ளைக்கு ஈடுபாடு குறையாது. வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் செய்து காட்டும் வேகம் பிறக்கும். கைவேக ரகசியமும் கணக்கின் காரணமும் ஒன்றல்ல.

விளையாட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோற்றவர் வெளியேறும் விளையாட்டை வைக்காதீர்கள். இசை நாற்காலியில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் மிகச் சிறிய பிள்ளையாகவே இருக்கும். மற்றவர்கள் விளையாடி முடிக்கும்வரை அது ஓரத்தில் நிற்க வேண்டும். நாற்காலிகளுக்குப் பதில் பாய்களை விரித்து, பாய்களைக் குறைத்துக்கொண்டே வந்து, பிள்ளைகளைக் குறைக்காமல் விடுங்கள். கடைசிப் பாயில் பதினைந்து பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வெற்றி. மந்திரக்கோலை இசைக்கேற்பக் கைமாற்றும் விளையாட்டும் அப்படியே: இசை நின்றபோது கோல் யாரிடம் இருக்கிறதோ, அவர் வெளியேறாமல் பெட்டியைத் தட்டுவார், பெட்டியிலிருந்து ஒரு நிறக் கைக்குட்டை வரும்.

பெரிய பிள்ளைகளுக்குக் கூட்டாளி விளையாட்டு மிகவும் பிடிக்கும். ஒருவர் வெளியே போக, மற்றவர்கள் அறையில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பார்கள். உள்ளே வந்தவரிடம் நீங்கள் "இதுவா, இதுவா" என்று ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள். கறுப்புப் பொருள் ஒன்றைச் சுட்டிய பிறகு கேட்பதே விடை என்று இருவரும் முன்பே பேசிவைத்திருப்பீர்கள். குறிப்பைக் கண்டுபிடித்த பிள்ளை அதை வெளியே சொல்லாமல் அடுத்த கூட்டாளியாகிவிடும்.

ஒரு வித்தையை மட்டும் எதிர்க்கிறேன். பிள்ளையின் கையில் கொடுத்ததும் துண்டு துண்டாகத் தொங்கும் மந்திரக்கோல். எல்லாரும் சிரிப்பார்கள், ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, தான் உடைத்துவிட்டதாகவே நினைக்கும்.

மேடை வித்தைக்காரர்

எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் அதுவும் சேர்ந்துதான் சிரிக்கும். சிறு பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் அந்தக் கோலை அப்பாவின் கையில் கொடுப்பேன். அவர் கையில் தொங்குவதைக் கண்டு, பிள்ளை வாங்கி நிமிர்த்திக் கொடுக்கட்டும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை

அப்படியானால் எனக்கு எதிர்ப்பே இல்லை.

இழையைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பலூனை விட்டுவிட்டேன். கைக்குட்டை தேடல், ஊதும் புத்தகம், பாய் விளையாட்டு, காகித வளையம், ஸ்பாஞ்சு பந்து, நாணயம், கூட்டாளி விளையாட்டு, கடைசியில் கிளிப்பு என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

மேடை வித்தைக்காரர்

காகித வளையத்தை ஸ்பாஞ்சு பந்துக்குப் பின்னே தள்ளுங்கள்; கத்தரிக்கோலும் துண்டுக் காகிதமும் கைக்கு வந்த பிறகு பிள்ளைகளை மறுபடி உட்காரவைப்பது கடினம். நாணய வித்தையை ஆரம்பிக்கும்போது சிறு பிள்ளைகள் களைத்திருப்பார்கள். அவர்களை இன்னொரு பெரியவரோடு மந்திரக்கோல் கைமாற்றும் விளையாட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தரையில் கயிறு ஒன்றைப் போட்டு, அதற்கு அப்பால்தான் உட்கார வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் கயிற்றுக்கும் இடையே இரண்டு மீட்டராவது இருக்கட்டும். பக்கவாட்டிலோ பின்னாலோ யாரும் உட்காரக் கூடாது. ஸ்பாஞ்சு பந்தை விரல் மடிப்பில் வைத்திருப்பது அங்கிருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.